பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் ‘வீணாய்ப்போன’ ஒரு வருடமும்

என் மகன் பிறந்தது பெப்ரவரி முதல் கிழமையில். அது ஒரு நாள் எனக்குத் தலையிடியாக வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இலங்கையில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு கிழமை பிந்திப் பிறந்தாலும் அடுத்த வருடம்தான். ஜனவரிக் கடைசியில் பிறந்த பிள்ளை ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும், பெப்ரவரியில் பிறந்தது கிட்டத்தட்ட ஆறு வயதில் போகும். நடுவில் முழுசாக ஒரு வருடம் கிடக்கிறது. அந்த வருடத்தில் பிள்ளையை எங்கே விடுவது என்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பெரும்பாலும் பயமுறுத்தினார்கள். பெப்ரவரி, மார்ச்சில் பிறந்த பிள்ளைகளை வைத்திருக்கிற எல்லோரும் எப்படியும் இந்தக் கேள்விக்கு வரத்தான் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

விசுவமடுப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மனைவி தாதி, வேலை வவுனியாவில். ஓய்வு நாள் பார்த்து வந்து போவார். மகனைக் குளிக்க வார்ப்பது, சாப்பாடு கட்டுவது, நேர்சரிக்கு வெளிக்கிடுத்துவது எல்லாம் என் பொறுப்பு. பக்கத்து வளவில் மாமி இருக்கிறார், உதவுவார், கூடவே ஆலோசனையும் தருவார். பெற்றோர் கூட்டங்களில் இருபது முப்பது அம்மாமாருக்கு நடுவில் கிறீஸ் பிடித்த கையோடு நான் ஒருவன் இருப்பேன். யாரிடமும் மனம்விட்டுக் கேட்கவும் கூச்சம்.

முதல் இரண்டு வருடமும் மகன் போனது நகரத்தில் உள்ள ஒரு ஆங்கில நேர்சரிக்கு. வானில் போய் வானில் வருவான். மூன்று வயதுக்கு ஒரு வகுப்பு, நாலு வயதுக்கு ஒரு வகுப்பு, தனித்தனி அறை, தனித்தனிப் புத்தகம். குறை சொல்ல ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. ரீச்சர்மார் அன்பானவர்கள். இரண்டாவது வருடக் கடைசியில் பட்டமளிப்பு விழா வைத்தார்கள், கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் படம் பிடித்தார்கள். மகனும் போட்டான். படத்துக்கு மட்டும் 2,500 ரூபா. அது முடிந்த பிறகுதான் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: “உங்கட மகனுக்கு வயது காணாது, அவர் அடுத்த வருசமும் யுகேஜிதான்.”

வயது விடயத்தில் ஏதாவது விலக்கு இருக்குமா என்று விசாரித்துத் திரிந்தேன். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான்: சுற்றறிக்கையில் உள்ளது உள்ளதுதான். கடையைப் பூட்டிப்போட்டு அலைந்ததில் போன கூலி வேறு. இதற்கிடையில் தேத்தண்ணீர்க் கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “முப்பது தந்தால் திகதியை முன்னுக்குக் கொண்டுவரலாம் தம்பி” என்றார். முப்பது என்றால் முப்பதாயிரம். இதைப் பலரிடம் சொல்லியிருப்பார் போல, மிகச் சாதாரணமாகச் சொன்னார். மனைவியிடம் போனில் சொன்னதும் அவர் ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. பிறப்புச் சான்றிதழில் கை வைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். ஆஸ்பத்திரிப் பதிவில் ஒரு திகதி, குடும்பநல உத்தியோகத்தர் எழுதிவைத்த பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டில் அதே திகதி, சான்றிதழில் மட்டும் வேறு திகதி என்றால் பதினைந்து வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதோ, பிறகு பாஸ்போட் எடுக்கும்போதோ பிள்ளைதான் மாட்டுப்படும். யாராவது இப்படி வந்து கதைத்தால் எழும்பிப் போய்விடுங்கள்.

சரி, வேறு வழியில்லை என்று அதே நேர்சரியில் மூன்றாவது வருடத்துக்கும் கட்டினேன். சேர்வுக் கட்டணம் திரும்பவும் 15,000. முதல் தவணைக் காசு 13,500. புத்தகம், சீருடை 9,000. புத்தகங்களைக் கொண்டுவந்து விரித்தால் போன வருடத்து அதே புத்தகங்கள். அதே ஆப்பிளுக்குச் சிவப்புத் தீட்ட வேண்டும், அதே புள்ளிகளை இணைக்க வேண்டும். மகன் முதல் கிழமையிலேயே பாதியை முடித்துவிட்டு மேசையில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். ரீச்சர் என்ன செய்வார், அவருக்கு முழு வகுப்பும் இருக்கிறது. அவனோடு படித்த பொடியன்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு பெரிய பள்ளிக்கூடம் போகிறார்கள், இவன் மட்டும் பழைய சீருடையோடு அதே வானில் ஏறுகிறான். ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பகிடியாக, “என்ன, பொடியன் நேர்சரியிலயே பெயிலோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரவு படுக்கும்போது மகன், “அப்பா, நான் பெயிலா?” என்று கேட்டான். பிறகு காலை எழும்பினால் வயிற்றுக்குத்து. சனி ஞாயிறில் வயிற்றுக்குத்து வராது. நனைக்காமல் விட்டு எவ்வளவோ காலமான படுக்கையைத் திரும்ப நனைக்கத் தொடங்கினான். மனைவி மருத்துவரிடம் காட்டினார், உடம்பில் ஒன்றுமில்லை.

முதல் தவணை முடிய நிறுத்தினேன். காசு திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டேன், விதிமுறை அப்படி என்றார்கள். சேர்வுக் கட்டணமும், தவணைக் காசும், புத்தகமும், நாலு மாத வான் காசும் சேர்த்து 57,500 ரூபா. எனக்கு அது இரண்டு எஞ்சின் முழுசாகக் கழற்றிப் பூட்டுகிற காசு. ஆகவே முதல் விடயம் இது: பிள்ளையைச் சேர்க்கும் அன்றைக்கே பிறந்த திகதியைச் சொல்லி, “இந்தப் பிள்ளைக்கு மூன்று வருடம் வரும், மூன்றாவது வருடம் என்ன செய்விப்பீர்கள்?” என்று கேளுங்கள். “அதே வகுப்புத்தான்” என்றால் இரண்டாவது வருட நடுவிலேயே வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள். இடையில் நிறுத்தினால் எந்தக் காசு திரும்பும், எது திரும்பாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குப் பெறுமதி இல்லை.

எங்கள் கிராமத்துக்குள்ளே, கடையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு முன்பள்ளி இருந்தது. வருடக்கணக்காக அதைத் தாண்டிப் போய்வந்தும் உள்ளே பார்த்ததில்லை. தகரக் கூரை, அரைச்சுவர், முன்னுக்கு ஒரு புளியமரம். மாதம் 800 ரூபா. மூன்று, நாலு, ஐந்து வயது எல்லாம் ஒரே மண்டபத்தில். உண்மையைச் சொன்னால், மலிவு என்பதாலும் கிட்ட என்பதாலும்தான் அங்கே போனேன். போன நேரம் ஒரு நாலு வயதுப் பெட்டை உண்மையான கத்தியால் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ரீச்சர் கொஞ்சம் தள்ளிப் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பறித்து எடுக்கவில்லை. இன்னொருவன் சிரட்டையால் தண்ணீர் வார்த்துப் பழகுகிறான், பாதி நிலத்தில். அவனே துணி எடுத்து வந்து துடைக்கிறான். கரும்பலகையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. சத்தம் இருந்தது, ஆனால் கத்தல் இல்லை. நான் திருத்துகிற கடைக்காரன், கையால் வேலை செய்கிற இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படித்தான் இருந்தது.

அந்த ரீச்சர் முறையாகப் பயிற்சி எடுத்தவர். ஆனால் கலப்பு வயது பற்றி அவர் சொன்ன காரணம் பயிற்சியில் படித்தது இல்லை. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே பாயில் இருந்தபோது, சின்னதுகள் தன்னிடம் பழகுவதைவிடப் பெரிய பிள்ளைகளிடமிருந்துதான் வேகமாகப் பழகியதைக் கண்டாராம். “நான் அழுகையை நிப்பாட்ட ஒரு மணித்தியாலம் எடுக்கும் அண்ணை. ஒரு ஆறு வயதுப் பிள்ளை போய்ப் பக்கத்தில் இருந்தால் அஞ்சு நிமிசம்” என்றார். பிறகு பயிற்சியில் போய் இருந்தபோது, பிள்ளை தானே கையால் செய்து பழகும் முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய பிள்ளைகள் வீட்டிலும் மூன்றிலிருந்து ஆறு வயதை ஒன்றாகத்தான் வைத்திருந்தார் என்று படித்துச் சிரித்தாராம். அந்த அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்திவிட்டுப் போனவர். அதன் பிறகு நாட்டில் பெயர்ப் பலகைக்குக் குறைவில்லை. இரண்டு ஊஞ்சலும் ஒரு பொம்மைப் படமும் இருந்தால் மொண்டிசோரி. பலகையைப் பார்த்து நம்ப வேண்டாம்.

வயது கலந்திருப்பது மட்டும் போதாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வன்னியில் பல சின்னக் கிராமங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு, ஒரே ரீச்சர், அதனால் எல்லா வயதும் ஒரே கொட்டிலில்தான் இருக்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இந்த வரி சின்னாக்கள், அந்த வரி பெரியாக்கள் என்று பிரித்து, ஒரு வரிக்கு எழுத்துக் கொடுக்கும்போது மற்ற வரி கை கட்டி இருக்கும். அது கலப்பு வயது இல்லை, இடப் பற்றாக்குறை. பிள்ளை தானாக எழும்பிப்போய் ஒரு வேலையைத் தட்டில் இருந்து எடுத்து, பாயில் வைத்துச் செய்து, திரும்ப அதே இடத்தில் வைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய பிள்ளைக்குச் சின்னப் பிள்ளையின் பாய்க்குப் போக அனுமதி இருக்கிறதா என்பதையும்.

சேர்த்தவுடன் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மகன் வாசல் தூணோடு நின்றான். “ரீச்சர், என்ன எழுத வேணும்? ரீச்சர், எந்தப் பக்கம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இரண்டு வருடம் சொன்னதைச் செய்து பழகிய பிள்ளைக்கு, “உனக்கு எது செய்ய விருப்பம்?” என்ற கேள்வி ஒரு தண்டனை மாதிரி இருந்தது. கிழமைகள் போயின. கொப்பியைத் திறந்தால் வெறுமை. நான் பின்னேரம் போய்க் கேட்டால் ரீச்சர் தன் குறிப்புக் கொப்பியைக் காட்டுவார். “இன்று தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தார். புளியங்கொட்டை அடுக்குவதை நெடுநேரம் பார்த்தார்.” அவ்வளவுதான். இரவில் எனக்கு நித்திரை இல்லை. காசையும் விட்டு, பிள்ளையையும் விட்டுவிட்டேனோ என்ற பயம். மாமி வேறு, “தம்பி, அங்க விளையாட விடுறாங்களாம், பெடியன் உள்ளதையும் மறந்துடுவான்” என்பார். மனைவிக்கு இரவுக் கடமை என்றால் போனில் பிடிக்கவும் முடியாது.

மாற்றம் வந்தது சாப்பாட்டில் இருந்து. காலையில் பெற்றோர் முறை வைத்துப் பயறோ கௌப்பியோ இலைக்கஞ்சியோ கொண்டுவர வேண்டும். அன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி அத்தனை கோப்பை வைப்பது மூத்த பிள்ளைகளின் வேலை. ஒருநாள் எண்ண வேண்டிய பிள்ளை வரவில்லை, இவன் எழும்பிப் போய் எண்ணினான். இரண்டு கோப்பை குறைந்தது. யாரும் பிழை என்று சொல்லவில்லை, இரண்டு சின்னதுகள் கோப்பை இல்லாமல் இவனைப் பார்த்துக்கொண்டு நின்றன. திரும்ப எண்ணினான். அதற்குப் பிறகு அந்த வேலையை அவன் விடவில்லை. “இருபத்தாறு பேர், மூன்று பேர் வரேல்லை, அப்ப இருபத்துமூன்று” என்று வீட்டில் வந்து சொல்லுவான். போன வருடம் புத்தகத்தில் ஆறில் இரண்டு போனால் எத்தனை என்பதற்கு விரலை மடக்கி அழுத அதே பிள்ளை.

எழுத்தும் அப்படித்தான் வந்தது. அங்கே எழுத்துகளைச் சொரசொரப்பான தாளில் வெட்டி மட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பழக விடுவார்கள். அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று நேர்கோடு கூடின எழுத்துகளில் தொடங்குவார்கள். ஒட்டிய எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன, நான் கடையில் மிஞ்சிய எமரித்தாளில் புதிதாக வெட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ‘ஞ’ வெட்டினதுதான் கஷ்டமான வேலை. மகனுக்கு எழுத்து முன்பே தெரியும், ஆனால் எதற்கு எழுதுவது என்று தெரியாது. கோப்பைகளில் சின்னப் பிள்ளைகளின் பெயரை ஒட்ட வேண்டி வந்தபோது அவனே எழுதிக் கொடுக்கத் தொடங்கினான். பிழையாக எழுதினால் அந்தப் பிள்ளையின் அம்மா வந்து கேட்பார். அதனால் கவனமாக எழுதினான்.

மூன்று வயதுப் பெட்டை ஒன்று அந்த வருட நடுவில் புதிதாகச் சேர்ந்தது, காலை முழுக்க அழும். எப்படியோ இவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டது. இவன் தெறி பூட்டக் காட்டிக்கொடுத்தான், செருப்பு இடம் வலம் காட்டிக்கொடுத்தான். தான் பெயிலான பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அங்கே தான் பெரிய ஆள் என்று கண்டுகொண்டான். வயிற்றுக்குத்து எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது, நின்றுவிட்டது. ஒரே வயது வகுப்பில் ஒரு பிள்ளை வருடம் முழுக்கப் பின்னால் நிற்கலாம். கலந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைக்குட்டியாக இருக்கும் வருடமும் வரும், மூத்ததாக இருக்கும் வருடமும் வரும். அந்த மூத்த வருடத்துக்கு முன்னரே பிள்ளையை எடுத்து நகரத்து யுகேஜியில் போடுகிறவர்கள் இரண்டு வருடம் நட்ட பயிரைக் கதிர் வரும் நேரத்தில் மாட்டுக்கு விடுகிறார்கள். எங்கள் ஊரிலேயே பலர் அப்படி எடுத்தார்கள், நாலு வயது முடிந்ததும் “இனிப் படிப்பு” என்று.

ஆனால் மூத்த பிள்ளை என்றால் எல்லாம் தேனும் பாலும் இல்லை. கொஞ்ச நாளில் மகன் அதிகாரம் செய்யத் தொடங்கினான். ஈர்க்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாரும் கை கட்டு! வாயில விரல்!” என்கிறான். அந்த நேர்சரி ஞாபகம். சின்னதுகளின் வேலையைப் பறித்துத் தானே செய்துமுடிப்பான். ரீச்சர் அடக்கவில்லை, அவனுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்: ஒருதரம் மெதுவாகச் செய்து காட்டு, பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார். அவனுக்கு அது சரியான கஷ்டம். கை முன்னுக்கு முன்னுக்கு வரும். (எனக்கும் கடையில் பழகுகிற பொடியனோடு அதே கஷ்டம்தான், அதைப் பார்த்த பிறகு நானும் முயற்சி செய்கிறேன்.) இன்னொன்றும் செய்தார். அவனுக்கென்று பாரமான வேலைகள் வைத்தார். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டை ஒன்றாகக் கட்டி நூறு வரை போவது, மரத்தின் நிழலைக் காலடியால் அளந்து காலையும் மதியமும் எழுதி வைப்பது, சாக்கு ஊசியால் தைப்பது. மூத்த பிள்ளை சின்னதுகளுக்கு உதவிக்கொண்டே இருந்தால் அது சம்பளமில்லாத உதவி ரீச்சர்தான், அதற்கும் படிக்க வேண்டும். எனவே இப்படியான முன்பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள், “ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேலைகள் இருக்கின்றன, காட்டுங்கள்” என்று கட்டாயம் கேளுங்கள். தட்டில் காட்ட ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கடைசி வருடம் உண்மையாகவே வீணாகத்தான் போகும்.

மனைவி ஒருநாள் கடமை முடிந்து வந்து ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், மொண்டிசோரிப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும், அதே குலுக்கலில் இடம் கிடைக்காமல் வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006இல் சயன்ஸ் இதழில் போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் இடம் கேட்ட குடும்பங்கள் என்பதால், அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளை என்ற காரணத்தை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைகளில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் எழுத்து, சொல் அடையாளம் காண்பதிலும், கணக்கிலும், தன்னைக் கட்டுப்படுத்தி யோசிப்பதிலும், சண்டை வந்தால் நியாயம் பேசித் தீர்ப்பதிலும் முன்னுக்கு நின்றார்களாம். அது முறையாக நடக்கிற பள்ளி, பொருட்கள் எல்லாம் உள்ள பள்ளி. எங்கள் புளியமரத்தடியை அதோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் விளையாட விட்டால் பிள்ளை மொக்கனாகும் என்ற பயத்துக்கு அது ஒரு பதில். மனைவி இன்னொன்றும் சொன்னார்: ஐந்து வயதில் கை மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுசாக இறுகவில்லை, பக்கம் பக்கமாக எழுத வைத்தால் கை நோகும், எழுத்து வெறுக்கும். மாமிக்கு இரண்டாவது காரணம்தான் பிடித்தது. அன்றிலிருந்து கொப்பி எங்கே என்று கேட்பதில்லை.

செலவைச் சொல்ல வேண்டும். மாதம் 800 என்பது கையால் கொடுக்கிற காசு மட்டும். சமையல் முறை வரும், சிரமதானம் வரும், கூரைத் தகரம் காற்றுக்குக் கழன்றால் அப்பாமாரைத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திகை மழைக்கு ஒழுங்கை நிரம்பினால் முன்பள்ளி பூட்டு, பிள்ளை என்னோடு கடையில். ஊஞ்சல் சங்கிலி, தண்ணீர்ப் பம்பி எல்லாம் நான் திருத்தினேன். அந்த நாட்களில் கடை வருமானம் இல்லை. இரண்டு பேரும் காலை ஏழுக்கு வேலைக்குப் போகிற குடும்பம் என்றால் இதை முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். முன்பள்ளி பதினொன்றரைக்கு விட்டுவிடும், அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு மாமி இருந்தார். அவர் என்ன சொல்லியிருந்தாலும், அவர் இல்லாவிட்டால் இந்த வருடம் நடந்திருக்காது.

முதலாம் தரத்துக்குப் போன கதைக்கு வருகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். விண்ணப்பம் முந்திய வருட நடுப்பகுதியிலேயே கொடுக்க வேண்டும். வாக்காளர் பதிவு, வதிவிடச் சான்று எல்லாம் அதற்கு முன்னரே எடுத்து வையுங்கள். ரீச்சர் கடைசித் தவணையில் மூத்த பிள்ளைகளைத் தனியாகத் தயார்படுத்தினார். பாயில் இருந்து கதிரை மேசைக்கு மாறுவது, மணி அடித்தால் பாதி வேலையை விட்டு எழும்புவது, மலசலகூடம் போகக் கை உயர்த்திக் கேட்பது, சாப்பாட்டுப் பெட்டியை இடைவேளைக்குள் முடிப்பது, விளங்காவிட்டால் “விளங்கேல்லை” என்று வாய் திறந்து சொல்வது. ஒருநாள் பக்கத்துப் பாடசாலைக்கே கூட்டிக்கொண்டுபோய் வகுப்பறையைக் காட்டினார். உங்கள் முன்பள்ளி இதைச் செய்யாவிட்டால் வீட்டில் செய்யுங்கள், இரண்டு மாதம் காணும்.

பாடசாலையில் தொடக்கத்தில் பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகள் நடத்துவார்கள். பயப்பட அதில் ஒன்றுமில்லை, பிள்ளைக்கு என்ன இயலும் என்று வகுப்பாசிரியர் பார்ப்பதுதான். முதலாம் இரண்டாம் தரத்துக்கான பாடத்திட்டமே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் பெரிய இடம் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழுத வாசிக்கத் தெரிந்து வர வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. நேர்சரிகள்தான் கேட்கின்றன. மகனுக்குக் கஷ்டமானது கரும்பலகையைப் பார்த்துப் பிரதி பண்ணுவது. மெதுவாக எழுதுவான், பாதியில் அழித்துவிடுவார்கள். நகரத்து நேர்சரிப் பிள்ளைகளின் கையெழுத்துப் பக்கத்தில் அவனுடையது கோழி கிளறினது. முதல் தவணை முழுக்க அந்தக் குறை இருந்தது. மற்றப்படி, காலை அழவில்லை. பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் கூர் உடைந்தால் தானே சீவிக் கொடுத்துவிட்டு வந்து இருப்பான். வகுப்பாசிரியர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனால், அவர் திரும்பி வரும் வரைக்கும் பார்த்திராமல் செய்துகொண்டிருப்பான் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். வகுப்பில் வயதில் மூத்தவன் என்பதும் அவனுக்கு உதவுகிறது. அதே வருடத்தில் கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளையைவிடப் பத்து மாதம் கூட வளர்ந்தவன் அல்லவா. “ஒரு வருடம் பின்னுக்குப் போய்விட்டான்” என்று சொன்னவர்கள் இதை நினைப்பதில்லை. முதலாம் பிள்ளையாக வருகிறானா என்று கேட்டால், இல்லை. நடுவில் எங்கோ நிற்கிறான்.

அடுத்த வருடத்துக்கு இடம் தேடுகிறவர்கள் கலைவிழா அன்றைக்குப் போய்ப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எல்லா முன்பள்ளியும் வடிவுதான். சாதாரண நாளில், காலை ஒன்பது மணி போல, முதல்நாள் ரீச்சரிடம் சொல்லிவிட்டுப் போய் மூலையில் ஒரு மணித்தியாலம் இருங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்த்தால் நல்லது. ரீச்சர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார், அது ஒழுங்காக வருகிறதா என்றும் விசாரியுங்கள். எங்கள் பக்கம் முன்பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைப்பது சின்னக் கொடுப்பனவு, அதனால் நல்லவர்கள் நிலைப்பதில்லை. வருட நடுவில் ரீச்சர் மாறினால் இந்த முறை ஆட்டம் கண்டுவிடும். எங்கள் முன்பள்ளியில் இரண்டாவதாக இருந்த இளம் ரீச்சர் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போய்விட்டார். இப்போது மூத்த ரீச்சர் தனி ஆள். பெற்றோர் குழு ஆளுக்கு மாதம் 300 ரூபா கூடப் போட்டு ஒருவரை எடுக்கப் பார்க்கிறது. என் மகன் அங்கே இல்லாவிட்டாலும் என் பங்கை நான் கொடுக்கிறேன், கூரைத் தகரத்துக்கும் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.